மனம் ஏறி இறங்குமுன் செய்து வைக்க வேண்டியவை: பைபோலாரும் பார்டர்லைனும் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு பைபோலார் (மனம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மேலே பறப்பதும் கீழே விழுவதுமாக மாறும் நோய்), பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் கொந்தளிப்பது) இரண்டும் இருக்கின்றன. முதலில் வெறும் மனச்சோர்வு என்றார்கள். அப்புறம் பைபோலார் என்றார்கள். பிறகு அது இல்லை, பார்டர்லைன் என்றார்கள். கடைசியில் இரண்டும்தான் என்று ஆனது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன். புதிதாக இந்தப் பெயர்களைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்களுக்காக எழுதுவது இது.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கீழே உள்ள வேலைகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் நிதானமாக இருக்கும் நாளில்தான் செய்ய முடியும். மேலே பறக்கும்போது இதெல்லாம் தேவையில்லை என்று தோன்றும், கீழே விழுந்து கிடக்கும்போது பேனாவை எடுக்கவே தெம்பு இருக்காது. இன்று ஓரளவு சரியாக இருக்கிறீர்கள் என்றால், இன்றே தொடங்குங்கள்.

இப்போது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால், கட்டுரை காத்திருக்கட்டும். அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் “என்னைத் தனியாக விடாதீர்கள்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், காரணம் எல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

1. எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள்

இரண்டு நோயிலும் மனம் ஏறி இறங்கும். ஆனால் ஏறி இறங்க எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-இன் (2013-இல் வெளிவந்தது) அளவுகோலின்படி, மேனியா (மனமும் வேகமும் கட்டுமீறி மேலே பறக்கும் கட்டம்) குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும் (ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை). ஹைப்போமேனியா (அதன் மிதமான வடிவம்) என்றால் தொடர்ந்து குறைந்தது 4 நாள். மனச்சோர்வுக் கட்டம் குறைந்தது 2 வாரம். பார்டர்லைனில் ஒரு கொந்தளிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், சில நாளைத் தாண்டுவது அபூர்வம்.

அடுத்து, எது தூண்டியது என்று பாருங்கள். பார்டர்லைன் கொந்தளிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மனிதர் இருப்பார்: பதில் வராத செய்தி, மாறிய குரல், தள்ளிப்போன சந்திப்பு. பைபோலாரில் காரணமே இல்லாமலும் கட்டம் தொடங்கும். அப்படித் தொடங்கிவிட்டால், நல்ல செய்தி வந்தாலும் கெட்ட செய்தி வந்தாலும் அது தன்பாட்டுக்கு ஓடும்.

தூக்கமும் நல்ல தடயம். தூக்கம் வராமல் புரண்டுவிட்டு மறுநாள் சோர்ந்து கிடப்பது வேறு. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல், வீட்டையே புரட்டிப்போட்டு அடுக்கத் தொடங்குவது வேறு. இரண்டாவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இங்கே பலர் ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். “எனக்கு ஒரே நாளில் நாலு தடவை மூட் மாறுகிறது, அதனால் ரேப்பிட் சைக்கிளிங் பைபோலார்தான்” என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். ரேப்பிட் சைக்கிளிங் என்பது ஒரு வருடத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்கள் வருவது. ஒரு நாளில் நான்கு என்பது அந்தக் கணக்கில் வராது.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அது அபூர்வமும் இல்லை. அதனால் “இதுவா அதுவா” என்று மருத்துவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். எந்த நேரத்தில் எது நடக்கிறது என்று கேளுங்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பது அதுதான்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் பத்து நிமிட ஆலோசனையில் மருத்துவர் ஒரு மாதத்தை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்றால், காகிதம்தான் வசதி. தினமும் படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் எழுதினால் போதும். மணிக்கு மணி எழுதினால் நாலே நாளில் அலுத்துவிடும்.

எழுத வேண்டியவை: நேற்றிரவு தூங்கிய நேரம், அன்றைய மனநிலையின் உச்சமும் அடியும் (மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை), மருந்து போட்டதா இல்லையா, மது குடித்ததா, மாதவிடாய் நாளா, முக்கியமாக நடந்தது என்ன. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்:

“செவ்வாய். தூக்கம் 6½. உச்சம் +1, அடி −4. மருந்து இரண்டு வேளையும். மாலை 5.40: செய்தி பார்த்தும் பதில் இல்லை, என்னை வெறுத்துவிட்டாள் என்று உறுதியாகத் தோன்றியது. 8.15: போன் சார்ஜ் இல்லையாம். 8.30: சரியாகிவிட்டது, வெட்கம்.”

இந்த அடி மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், தூக்கத்தில் பெரிய மாற்றம் இல்லை. மருத்துவருக்கு இது ஒரு வகைக் கதை சொல்லும். இதே நோட்டில் தூக்கம் 6, 4, 3½, 3 என்று வரிசையாக இறங்கி உச்சம் +3, +4 என்று ஏறிக்கொண்டே போனால் அது வேறு கதை. நான்கு வாரமாவது எழுதிவிட்டு எடுத்துப்போங்கள். சிகிச்சை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாலும், விட்டுவிடாமல் எழுதுங்கள்.

3. முதல் சந்திப்புக்குப் போகும் முன் ஒரு பக்கத் தாள்

கோப்பு தடிமனாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் பக்கத்தில் எல்லாம் இருக்கட்டும்:

இதுவரை சொல்லப்பட்ட நோயின் பெயர்கள், எந்த வருடம் என்பதோடு. இப்போது சாப்பிடும் மருந்துகள், அளவு, நேரம். முன்பு சாப்பிட்டு நிறுத்தியவை: எவ்வளவு அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள். ஒவ்வாமை. வேறு உடல்நோய்கள், குறிப்பாகத் தைராய்டு, சிறுநீரகம். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார், தற்கொலை, தீவிர மனநோய் இருந்ததா. ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிகள். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டது உண்டா. மது, போதைப்பொருள் பழக்கம். கர்ப்பமா, கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா.

இதில் “ஏன் நிறுத்தினீர்கள்” என்பதற்குத்தான் மதிப்பு அதிகம். அது இல்லையென்றால், ஏற்கெனவே தோற்ற மருந்தையே மறுபடி எழுதிக் கொடுத்து, உங்கள் இரண்டு மாதத்தை வீணாக்கிவிடுவார்கள்.

நல்ல காலத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாம் டாக்டரிடம் போவதே கீழே விழுந்து கிடக்கும்போதுதான். அழுதுகொண்டு உள்ளே போனால் மனச்சோர்வு என்று எழுதி அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலர் மேனியாவுக்குத் தாவிவிடுவார்கள். ஆகவே “தூக்கமே தேவைப்படாமல் பத்து நாள் சூப்பராக இருந்தேன்” என்பதையும் சொல்லுங்கள். அந்த நாட்களை உங்களுக்கு நோயாகவே நினைவிருக்காது. அதனால் அப்போது உங்களை நேரில் பார்த்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது.

4. மருந்தும் ரத்தப் பரிசோதனையும்: இங்கே தேதிதான் முக்கியம்

பைபோலாருக்கு மருந்துதான் அடித்தளம். பார்டர்லைனுக்கென்று தனியாக ஒரு மருந்து கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றுக்குக் கொடுப்பார்கள். இது தெரியாமல், “மாத்திரை சாப்பிட்டும் சண்டை நிற்கவில்லையே” என்று மருந்தின் மேல் பழி போட்டு, பைபோலார் மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருந்து அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும், அந்தச் சண்டை அதன் வேலையே இல்லை.

உங்களுக்கு எழுதியது லித்தியம் (மனநிலையைச் சமனில் வைக்கும் மருந்து) என்றால்: தொடங்கும் முன் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பார்ப்பார்கள். மருந்து முழுதாக வேலை செய்ய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். அளவு மாற்றினால் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்ப்பார்கள். ரத்தம் கொடுக்க வேண்டியது கடைசி வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்குப் போடுபவர் காலை 9 மணிக்குக் கொடுக்க வேண்டும். காலை வேளையும் உண்டு என்றால், ரத்தம் கொடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும். இதை லேபில் யாரும் கேட்க மாட்டார்கள். மாத்திரை போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், தேவையில்லாமல் மருந்தைக் குறைத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் “கடைசி வேளை: இரவு 9” என்று நீங்களே எழுதிவையுங்கள். தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் அளவு பொதுவான இலக்கு, சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். அளவு நிலையாக ஆனபின் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். அடுத்த தேதியை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், வெயிலில் நீர் வற்றிப்போவது, திடீரென உப்பைக் குறைப்பது எல்லாம் லித்தியம் அளவை ஏற்றிவிடும். ஐப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மருந்துகளும் அப்படியே. பல்வலிக்குப் போனாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தியோ பேதியோ நிற்காமல் போவது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று, ஒரு கம்பெனி லித்தியத்துக்கும் இன்னொரு கம்பெனி லித்தியத்துக்கும் உடலில் சேரும் விதம் வேறுபடலாம். கடையில் மாற்றிக் கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாறுங்கள்.

லாமோட்ரிஜின் (இதுவும் மனநிலையைச் சமனில் வைக்கும் மருந்து) என்றால்: பொறுமை வேண்டும். வழக்கமாக 25 மில்லிகிராமில் இரண்டு வாரம், 50-இல் இரண்டு வாரம் என்று ஏறி, 200-ஐத் தொடவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். வேகமாக ஏற்றினால் ஆபத்தான தோல் தடிப்பு வரும் வாய்ப்பு கூடும். முதல் எட்டு வாரத்தில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே காட்டுங்கள். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. போன் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் அடியிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

வால்புரோயேட் என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. கருத்தரிக்கக் கூடிய வயதில் உள்ள பெண் என்றால், இதை எழுதும்போதே வேறு வழி உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். கிவெட்டியாபின், ஒலான்சபின் போன்ற மருந்துகளுக்கு எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் தொடக்கத்திலேயே எழுதிவைத்தால்தான் பிறகு ஏறியதா என்று தெரியும்.

“இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே, எதற்கு மருந்து?” என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள், மருந்துப் பெட்டியிடம் வேண்டாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மேனியா திரும்பும் ஆபத்து அதிகம். நிறுத்துவதாக இருந்தாலும் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பதுதான் முறை.

5. பார்டர்லைனுக்குப் பேச்சு சிகிச்சையைத் தேடுங்கள்

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (கொந்தளிப்பைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) என்ற சிகிச்சைமுறை இதற்கென்றே வந்தது. முழுமையான டிபிடியில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, இடையில் நெருக்கடி வந்தால் போனில் வழிகாட்டல் எல்லாம் உண்டு. வகுப்பின் ஒரு சுற்று ஏறத்தாழ 24 வாரம், பெரும்பாலும் இரண்டு சுற்று, ஆக ஒரு வருடம். எம்பிடி (தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானமாகப் பார்க்கப் பழக்குவது) என்ற இன்னொரு முறையும் உண்டு, அது வழக்கமாக ஒன்றரை வருடம் வரை போகும்.

“டிபிடி தெரியும்” என்று சொல்பவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை. அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: குழு வகுப்பு உண்டா? சந்திப்புகளுக்கு நடுவே நெருக்கடி வந்தால் என்ன ஏற்பாடு? நான் வராமல் போனால் என்ன விதி? எப்போது முடியும்? முழுமையான திட்டம் கிடைக்காவிட்டால் குழு வகுப்பு மட்டுமாவது சேருங்கள். எதுவும் இல்லாமல் காத்திருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

மேனியாவோ ஆழ்ந்த மனச்சோர்வோ உச்சத்தில் இருக்கும்போது புதிதாகச் சிகிச்சை வகுப்பில் சேர்ந்து பயன் இல்லை. மருந்தால் தரை கொஞ்சம் உறுதிப்படட்டும், அப்புறம் சேரலாம். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் பெயரை இன்றே கொடுங்கள். பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பத்து வருடம், அதற்கு மேலும் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பார்டர்லைன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. “ஆளுமைக் கோளாறு என்றால் ஆயுசுக்கும் மாறாது” என்று யாராவது சொன்னால், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும், நம்பாதீர்கள்.

6. நெருக்கடித் தாள்

ஒரே பக்கம், கையெழுத்தில். ஒரு நகல் பர்ஸில், ஒரு நகல் நம்பிக்கையானவரிடம். இந்த வரிசையில் எழுதுங்கள்:

முதலில் எச்சரிக்கை அறிகுறிகள், உங்களுக்கே உரியவை. “மனம் சரியில்லை” என்று எழுதினால் பயன் இல்லை. “குளிக்காமல் இரண்டாம் நாள்”, “நள்ளிரவில் பழைய நண்பர்களுக்கு வரிசையாகப் போன்” என்ற மாதிரி எழுதுங்கள்.

அடுத்து தனியாகவே செய்யக்கூடியவை. முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்கி மூச்சைப் பிடித்தால் இதயத் துடிப்பு குறைந்து கொந்தளிப்பு தணியும் (இதயநோய் உள்ளவர்களும், பட்டினி கிடப்பது, சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்). வேகமாக நடப்பது, மூச்சை மெல்ல நீளமாக விடுவது, உங்களுக்குப் பலித்தது எதுவோ அது.

பிறகு கவனத்தைத் திருப்ப யாரோடு, எங்கே இருக்கலாம். பிறகு வெளிப்படையாக உதவி கேட்கக்கூடிய இரண்டு மூன்று பேரின் எண்கள். பிறகு மருத்துவர், அவசரப் பிரிவு, உதவி எண். கடைசியில், ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைக்கும் ஏற்பாடு. மாத்திரைகளை மாதக்கணக்கில் மொத்தமாக வீட்டில் வைக்காமல், வாரத்துக்கு உரியதை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு மீதியை இன்னொருவரிடம் கொடுங்கள். கொந்தளிப்பின் உச்சம் நீண்ட நேரம் நிற்காது. அந்த நேரத்தில் ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும்.

7. ஏறும்போது பணத்தையும், கொதிக்கும்போது போனையும் கட்டிப்போடுங்கள்

மேனியாவில் மிக அதிகமாக அடிபடுவது பணம். நிதானமாக இருக்கும் நாளில் கடன் அட்டையின் வரம்பைக் குறைத்து வாங்குங்கள், போனிலும் இணையக் கடைகளிலும் சேமித்து வைத்த அட்டை விவரங்களை அழியுங்கள், பெரிய தொகையை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று ஆக்குங்கள். “தூக்கம் இரண்டு இரவு தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குக் கீழே போனால் அட்டை உன்னிடம்” என்று ஒருவரோடு ஒப்பந்தம் போடுங்கள், எழுத்தில். அந்த ஒப்பந்தத்தை அவர் நினைவூட்டும் நாளில் உங்களுக்குப் பயங்கரக் கோபம் வரும், அதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.

பார்டர்லைன் கொந்தளிப்பில் அடிபடுவது உறவு. “இனி என்னோடு பேசாதே” என்று அனுப்பப் போகும் செய்தியை நோட்டில் எழுதி, மறுநாள் அதே நேரம் வரை வையுங்கள். வேலையை விடும் கடிதம், வீட்டை விட்டுப் போகும் முடிவு எல்லாவற்றுக்கும் இதே விதி. மறுநாளும் அதே கருத்து இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

8. செலவுக் கணக்கு

மாதாமாதம் வரும் மருந்து, சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, மருத்துவர் கட்டணம் இவை ஓரளவு கணிக்கக்கூடியவை. பணத்தை விழுங்குவது பேச்சு சிகிச்சைதான், ஒரு வருடம் வாரந்தோறும் என்பதால். தனிச் சந்திப்பை விடக் குழு வகுப்பு பொதுவாகக் குறைந்த கட்டணம். பயிற்சி மாணவர்கள் மேற்பார்வையில் சிகிச்சை தரும் போதனா மருத்துவமனைகளில் இன்னும் குறையும். வராத சந்திப்புக்கும் கட்டணம் பிடிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். நம் நோயில் சந்திப்பைத் தவறவிடுவது சாதாரணம்.

காப்பீடு இருந்தால் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மனநோய்க்கு வெளிநோயாளர் சிகிச்சை உண்டா, வருடத்துக்கு எத்தனை சந்திப்பு, சேர்ந்த பிறகு காத்திருப்புக் காலம் எவ்வளவு. பில், ரிப்போர்ட், மருந்துச் சீட்டு மூன்றையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். ரசீதுக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துப்போகும்.

9. வீட்டிலும் வேலையிடத்திலும்

வீட்டாருக்கு நோயின் பெயரை விடத் தேவைப்படுவது, என்ன செய்ய வேண்டும் என்பதுதான். “நான் கத்தும்போது வாதாடாதே, பக்கத்து அறையில் இரு, அரை மணி கழித்து வா” என்று சொன்னால் அவர்களால் செய்ய முடியும். “என்னைப் புரிந்துகொள்” என்றால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

வேலையிடத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது, நோயின் பெயர் இல்லாமல் தேவையை மட்டும் எழுதிக் கேளுங்கள்: “மருத்துவக் காரணங்களுக்காக இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்” என்பது போல. பெரும்பாலும் அதுவே போதும். இரவு ஷிப்ட்டும், நேர மண்டலம் தாண்டும் பயணமும் தூக்கத்தைக் குலைத்து மேனியாவைக் கிளப்பக்கூடியவை, அதனால் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் எந்தச் சிகிச்சை சம்மதம், எது வேண்டாம், யாரைக் கூப்பிட வேண்டும், குழந்தைகளை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கப் பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. படிவம், சாட்சிக் கையெழுத்து பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், பலர் இதற்கு உதவுவார்கள்.

10. தாள்களைப் புதுப்பியுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது மருந்து மாறிய அன்றே, ஒரு பக்கத் தாளையும் நெருக்கடித் தாளையும் புதிதாக எழுதித் தேதி போடுங்கள். பழைய நகல்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். அவசரப் பிரிவில் நீங்கள் பேசும் நிலையில் இல்லாதபோது, பர்ஸில் இருக்கும் பழைய அளவைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.